கப்பல் மணியும் புளிச் சக்கையும்

என் கணவர் ஆற்றுக்கு அடியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். தங்கம் கிடைத்ததா? கல்கத்தாவில், டாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் இதைக் கேட்காத ஆளே கிடையாது. எதிர்வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாஷிமா என்று கூப்பிடுவோம், முப்பத்தாறு வருடமாகக் கேட்கிறார். தொலைக்காட்சியில் எங்கேயோ ஒரு கடலில், மூழ்கிய கப்பலுக்குள்ளிருந்து பொற்காசை அள்ளிக் காட்டினால் போதும், மறுநாள் காலை நான் வாசல் பெருக்க வரும்போது பிடித்துக்கொள்வார். "உண்மையைச் சொல்லு பௌமா, ஷோனா கிடைச்சுதா இல்லையா?" பௌமா என்றால் மருமகள், ஷோனா என்றால் தங்கம். கிடைத்திருந்தால் இந்தச் சந்தில் ஏன் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நானும் முப்பத்தாறு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன். மாஷிமா நம்பியதில்லை.

என் கணவர் துறைமுகத்தில் முக்குளிப்பவராக இருந்தார். தூத்துக்குடியில் சங்கு குளித்த குடும்பம். ஹூக்ளி ஆற்றுக்குள் என்றைக்கோ மூழ்கிய கப்பல்கள் மண்ணில் புதைந்து கிடக்கும். வெள்ளம் மண்ணைப் புரட்டும்போது அவை தலையைத் தூக்கி, போகிற வருகிற கப்பல்களின் வழியை அடைக்கும். அவற்றை வெட்டியும் சங்கிலி கட்டி இழுத்தும் அப்புறப்படுத்துவதுதான் அவர் பிரிவின் வேலை. அதில் மேலே வந்தவை நங்கூரங்கள், சங்கிலிகள், கரிய சேறாகிப்போன சணல் பொதிகள். ஒரு முறை ஒரு மரப்பெட்டி நிறையப் பீங்கான் கோப்பைகள் வந்தனவாம். ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் ஒரு குட்டி நண்டு உட்கார்ந்திருந்ததாம். கோப்பைகள் அலுவலகத்துக்குப் போயின, நண்டுகள் ஆற்றுக்குப் போயின. எங்கள் வீட்டுக்கு வந்தது நண்டுக் கதை மட்டும்தான்.

ஹூக்ளி தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். அவ்வளவு கலங்கல். அங்கே எல்லாவற்றையும் கையால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் அவரைக் கரையிலும் விடவில்லை. சந்தையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டே கத்தரிக்காயைப் பொறுக்குவார், ஒன்றுகூடச் சொத்தையாக இருக்காது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் மின்சாரம் போவது தினப்படி விஷயம். நாங்களெல்லாம் தீப்பெட்டி தேடித் தடுமாறும்போது அவர் மட்டும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொரு பழக்கம் ஓதக் கணக்கு. ஆற்றில் ஏற்றமும் இறக்கமும் மாறும் நடுவில் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அப்போதுதான் இறங்க முடியும். மற்ற நேரம் இறங்கினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் காலையில் கணக்குப் பார்த்து, "இன்னைக்குப் பதினொன்னே முக்காலுக்குத் தண்ணி நிக்கும்" என்பார். நிற்கட்டும். அதற்கும் நான் சாம்பார் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பதினொன்றே முக்காலுக்குத்தான் அவருக்குப் பசிக்கும்.

ஆழத்தின் அழுத்தம் அவர் காதை வாங்கிக்கொண்டது. என் குரல் அவருக்குக் கேட்பதே இல்லை. வேண்டுமென்றே கேட்காததுபோல் இருக்கிறார் என்று சில வருடம் சண்டை போட்டேன், டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டேன். காது மெஷினை மாட்டிவிட்டால் ஹோட்டல் அடுக்களையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று கழற்றிவிடுவார். எங்கள் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கும் மணியை அடித்தால் மட்டும் மொட்டை மாடியில் இருந்தாலும் கேட்டுவிடும். அது கனத்த மணி, சத்தமும் அடித்தொண்டையில் வரும். அதனால் சாப்பிடக் கூப்பிட அதுதான், மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தால் கூப்பிட அதுதான். சாமிக்கு அடித்ததைவிட அவருக்கு அடித்ததுதான் அதிகம்.

அந்த மணி வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் தகரப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்யாணமாகி கல்கத்தா வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வந்த மூன்றாவது நாளே எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. கடுகெண்ணெய் வாசனை பிடிக்கவில்லை. கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்கு ஆற்று மீனின் மண்வாடை பிடிக்கவில்லை. பாஷை ஒரு வார்த்தை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வீட்டில் இல்லை. வேலைக் கப்பல் டைமண்ட் ஹார்பருக்குக் கீழே எங்கோ நங்கூரம் போட்டிருக்கும், பத்து நாள் பன்னிரண்டு நாள் வரமாட்டார். நான் இரண்டு அறை வீட்டில் ஒற்றைக்கு உட்கார்ந்திருப்பேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை நான் பிரித்து அடுக்கவே இல்லை. தினமும் ஒரு சேலையை எடுத்து உடுத்துவேன், துவைத்து மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பேன். கேட்டால், அலமாரியில் பூச்சி இருக்கிறது என்பேன். பூச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று வைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழரின் குடும்பம் ஒரு சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பியது. அவர்களோடு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனால் திரும்பி வருவதாக எண்ணம் இல்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும், ஆள் ஆற்றில்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். பதினோரு நாள் தாடி, மேலெல்லாம் சேற்று வாடை, தோளில் ஒரு சாக்கு மூட்டை. மூட்டையைக் குளியலறையில் இறக்கிவைத்தார். சொம்பைவிடப் பெரிதாக, குடத்தைவிடச் சிறிதாக, சிப்பியும் சுண்ணாம்பும் சேறும் அப்பிய ஒரு கட்டி. ஏதோ பழைய கப்பலில் கிடந்ததாம். யாருக்கும் வேண்டாம், வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பாயில் விழுந்து தூங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் விளக்குவேன். இன்றும் அப்படித்தான், என் வீட்டுப் பாத்திரங்களின் பளபளப்பைப் பார்த்தே அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். அன்று வியாழக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வியாழக்கிழமையே விளக்குகளைத் தேய்த்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கை, செங்கல் பொடி, தேங்காய் நார். விளக்குகள் முடிந்தன, கோபம் முடியவில்லை. பக்கத்தில் அந்தக் கட்டி கிடந்தது. அதையும் பிடித்துக்கொண்டேன். கரண்டிக் காம்பால் சிப்பியைச் சுரண்டி, புளியைப் போட்டுப் போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும், கட்டைவிரலுக்குக் கீழே மஞ்சளாக ஏதோ மின்னியது. பிறகு விடவில்லை. வெயில் சாயும்போது என் முன்னால் ஒரு மணி நின்றது. நாக்கு இல்லாத வெண்கல மணி. கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வீடு முழுக்க நிறைந்து, சந்துக்குப் போய், திரும்பி வந்தது. அவர் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து வாசற்படியில் நின்றார். நான் முழங்கைவரை புளியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேனாம். அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். குனிந்து மணியைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதன் வயிற்றைச் சுற்றி விரலால் தடவினார். "நல்லாருக்குளா" என்றார். அவ்வளவுதான்.

மணியை எங்கே வைப்பது? தொங்கவிடக் கொக்கி இல்லை. தரையில் வைக்க எனக்கு மனமில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் என் தகரப் பெட்டியின் மேல் வைத்தார். இரண்டு நாளில் கொக்கி அடித்துத் தருகிறேன் என்றார். மறுநாள் சேலை எடுக்க மணியை இறக்க வேண்டியிருந்தது, நல்ல கனம், இடுப்பு பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை அந்தத் தமிழ்க் குடும்பம் கூப்பிட வந்தபோது, மணிக்கு நாக்குச் செய்ய ஹவுராவில் ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். தினம் மணியைத் தூக்கி இறக்க முடியாமல் சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். கொக்கி ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். தேய்த்தெடுத்த மணியின் வயிற்றில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. கோணல்மாணலாக, அலங்காரமாக வெட்டியிருந்தார்கள். தமிழில் படித்தவள் நான், எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் ஒரு பெண்ணின் பெயர் என்று மட்டும் புரிந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் முதலில் பெயர் வெட்டுவோம். கல்யாணச் சீரில் வந்த அண்டாவிலிருந்து டம்ளர்வரை எங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாத்திரம் கிடையாது. ஆக, இந்த மணியும் கப்பலேறிய எவளோ ஒரு துரைசாணியின் வீட்டுச் சாமான், அவள் பெயரை வெட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு வீட்டுப் பெயர் வெட்டிய பாத்திரத்தைச் சாமிக்கு முன்னால் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பழைய பாத்திரம் வாங்கினால் அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பூஜைக்கு எடுப்போம். அதனால் வியாழக்கிழமைதோறும் அந்த இடத்தில் மட்டும் கூடக் கொஞ்சம் செங்கல் பொடி, கூடக் கொஞ்சம் அழுத்தம். வெட்டு ஆழமில்லை, ஆறும் முன்பே அரித்திருந்தது. நாலைந்து வருடத்தில் துரைசாணி போய்விட்டாள். நான் மனநிறைவோடு அந்த இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தேன்.

இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாயே திறக்கவில்லை.

பிறகு அந்த மணி வீட்டுக்கும் சந்துக்கும் பொதுவாகிவிட்டது. துர்கா பூஜையின்போது பந்தலில் அடிக்க இரண்டு பேர் வந்து தூக்கிப்போவார்கள், திரும்பி வரும்போது அதன் மேல் செம்பருத்தி ஒட்டிக்கொண்டிருக்கும். மாஷிமாவுக்கு அதன் மேல் பெருமை அதிகம். அது தங்கம் கலந்த மணி என்று சந்தெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

போன மழைக்காலத்தில் ஜாதவ்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆற்றில் மூழ்கிய பழைய கப்பல்களைப் பற்றி எழுதுகிறாளாம், முக்குளிப்பவர்களைத் தேடித்தேடிப் பேசுகிறாளாம். சித்தப்பா, சித்தி என்பதுபோல அவரைக் காகு என்றும் என்னைக் காகிமா என்றும் கூப்பிட்டாள். முன்னறையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டாள். அவரும் அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து வங்காளத்தில் பதில் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். காபி ஆறிப்போகிறதே என்று நான் மணியை அடித்தேன். அந்தப் பெண் துள்ளி எழுந்தாள்.

கிட்டே வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். இனி அவள் பேசியதைத் தமிழிலேயே சொல்கிறேன். "காகிமா, இது கப்பல் மணி. பேர் எங்கே?"

"யார் பேர்?"

"கப்பலோட பேர். மணியில கப்பல் பேரை வெட்டியிருப்பாங்க. கப்பல் மொத்தமும் மக்கிப்போனாலும் மணி கிடைச்சா போதும், எந்தக் கப்பல்னு சொல்லிடலாம். ஒரு பெட்டி தங்கம் வேணுமா, பேரோட ஒரு மணி வேணுமான்னு கேட்டா நான் மணியைத்தான் எடுப்பேன்."

கப்பலுக்குப் பெண் பெயர் வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? "பேர் இருந்தது, நான்தான் தேய்த்துவிட்டேன்" என்றேன். எப்படித் தேய்த்தேன் என்பதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கோபப்படவில்லை. நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அவர் வந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்து, "மழை வரும்போல இருக்கு" என்றார்.

மணியை எங்கே எடுத்தது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். அவர் சொன்ன அந்த ஆற்று வளைவில் ஒரு பழைய கப்பல் கிடந்தது என்பதே யாருக்கும் தெரியாதாம். பெயர் தெரிந்தால் அந்தக் கப்பலைப் பதிவு செய்யலாம். கண்டெடுத்தவர் என்று அவர் பெயரும் அதில் ஏறும். பெயர் இல்லாவிட்டால் இது எத்தனையோ மணிகளில் ஒரு மணி. "சாய்வான வெளிச்சத்துல படமெடுத்தா அழிஞ்ச எழுத்து சில சமயம் தெரியும். முயற்சி செய்யலாம். ஆனா பேர் கிடைச்சா மணி உங்க வீட்டுல இருக்காது காகிமா. மியூசியத்துக்குப் போயிடும். பரவாயில்லையா?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் பரவாயில்லை என்றேன். என் மனதில் ஒன்றுதான் இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கப்பல் கப்பலாகத் தடவி எடுத்திருக்கிறார். அறிக்கை எழுதியவர்கள் வேறு, கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, படத்தில் நின்றவர்கள் வேறு. ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் கடிகாரமும் கொடுத்தார்கள், கடிகாரம் ஆறு மாதம் ஓடியது. அவர் இதையெல்லாம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. குறையெல்லாம் எனக்குத்தான். ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு கப்பலுக்குப் பக்கத்தில் அவர் பெயர் அச்சில் வர வேண்டும். அது வரவிடாமல் செய்தது என் கை என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணி இரண்டு வாரம் வீட்டில் இல்லை. சாப்பிடக் கூப்பிட வழியில்லாமல் ஒவ்வொரு தடவையும் மாடியேறிப்போய் அவர் தோளைத் தொட்டேன். வியாழக்கிழமை வந்தது, விளக்குகளைத் தேய்த்தேன், புளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவரோ சந்தோஷமாகக் கத்தரிக்காய் வாங்கிவந்தார். மணி போன வீட்டில் மனுஷனுக்கு என்ன சந்தோஷம் என்று எரிந்துவிழுந்தேன். கேட்டால்தானே?

அந்தப் பெண் ஒரு மத்தியானம் டாக்ஸியில் மணியைக் கொண்டுவந்து இறக்கினாள். படங்களைக் காட்டினாள். எட்டு எழுத்துக்கான இடம் தெரிகிறதாம், அதில் இரண்டு எழுத்தின் நிழல் மட்டும் இருக்கிறதாம். அதை வைத்துக்கொண்டு ஒரு கப்பலைச் சொல்ல முடியாதாம். தன் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினாள். பெயர் தெரியாத கப்பலின் மணி, வீட்டு உபயோகத்தில் எழுத்து தேய்ந்துள்ளது. வீட்டு உபயோகம் என்பது நான். அவள் போகும்வரை அடக்கிக்கொண்டு, போன பிறகு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் மணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் அலமாரியிலிருந்து காது மெஷினை எடுத்துவந்து நானே அவர் காதில் மாட்டினேன்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கப்பல் மணியில என்ன பேர் இருக்கும்னு முக்குளிக்கிற உங்களுக்கா தெரியாது?"

"தெரியும்."

"அன்னைக்கு வாசிச்சீகளா?"

"விரலால வாசிச்சேன்."

"பின்ன ஏன் சொல்லல? வாரா வாரம் நான் செங்கல் பொடி போட்டுத் தேய்க்கேன், நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கீக. ஏளா, அது கப்பல் பேரு, தேய்க்காதன்னு ஒரு வார்த்தை?"

"கப்பல் பேரு உள்ள மணின்னு வெளிய தெரிஞ்சா ஆபீஸ்ல சொல்லணும். ஆபீஸ்ல சொன்னா மணியைக் கொண்டுபோயிருவாக. நீ சனிக்கிழமை கிளம்புததா இருந்த."

நான் கிளம்புவதாக இருந்ததை அவரிடம் சொன்னதே இல்லை.

"எனக்கு முந்தின நாளே தெரியும்ளா. கூட்டிட்டுப் போறதா இருந்தவரு கப்பலுக்கே ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரு. என்னன்னு சொல்லி உன்னை நிறுத்தன்னு யோசிச்சிக்கிட்டே வந்து படுத்தேன். மணிச் சத்தம் கேட்டு எந்திரிச்சு வாரேன், நீ சிரிச்சிக்கிட்டு இருக்க. எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன். மணியைத் தூக்கிப் பெட்டி மேல வச்சேன். கொக்கி அடிக்கல."

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசம். அந்தக் கப்பல் என்னைக்கோ முங்கிப்போச்சு. அதுக்கு அவசரமில்லை."

இதற்கு நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது கோபம்தான். மூன்று வாரமாக நான் குற்றவாளியாக நடமாடுகிறேன், மனுஷன் கத்தரிக்காய் பொறுக்குகிறார். முப்பத்தாறு வருடம் இன்னொருத்தி பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். மெஷின் காதில் இருந்ததால் முழுக்கக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அந்தப் பேரு இன்னும் ஞாபகம் இருக்கா?"

சொன்னார். எட்டு எழுத்து. அந்தப் பெண் காட்டிய இரண்டு நிழலும் அதனதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தன. கட்டுரை அச்சாகும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. நல்ல பெயர்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "சொன்னா மணி போயிரும்."

"போகட்டும்."

"பார்த்துக்கோ. நீ பெட்டியைக் கட்டிராத."

அந்தப் பெட்டி இப்போதும் மணிக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே பட்டுத்துணி விரித்து விளக்குகளை வைத்திருக்கிறேன். "இப்ப எனக்கு இருக்கிற சேலைக்கு அந்தப் பெட்டி பத்தாது" என்றேன். "பேசாம பேரைச் சொல்லுங்க."

எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன். காது கேட்காதவர் பேச்சு, உரக்கத்தான் இருக்கும். அந்தத் துரைசாணி பெயரை அவர் சொன்னதில் எதிர்வீட்டு மாஷிமா ஜன்னலைத் திறந்து யாரைக் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் மறுமுனையில் என்னென்னவோ கத்தினாள், அவருக்கு ஒன்றும் பிடிபடாமல் போனை என்னிடம் நீட்டினார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கும் தெரியவில்லை. கண்டெடுத்தவர் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டாள். அவர் அப்பாவின் முதலெழுத்தையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அதுல உன் பேரையும் போடச் சொல்லு."

"என் பேரு எதுக்கு?"

"தேச்சது யாரு?"

போனில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொன்னேன்.